பால் பல் சொத்தை: எதை வைத்து அடைப்பது, எப்போது கேப் போடுவது

குழந்தையின் கடைவாய்ப்பல்லில் பெரிய ஓட்டை. ஒரு பல் மருத்துவர் பார்த்துவிட்டு, ‘அடைத்தால் நிற்காது, கேப் போட வேண்டும்’ என்கிறார். இன்னொருவர், ‘இப்போதைக்கு மருந்து தடவி வைக்கலாம்’ என்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, ‘விழப்போகிற பல்லுக்கு எதற்கு இத்தனை பாடு’ என்று கேட்கிறார்கள். மூன்று பேச்சிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கக்கூடும். உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ள, பொருள்களின் பெயர்ப்பட்டியலைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதில் பயனில்லை. ‘வெள்ளையில் வேண்டுமா, வெள்ளி நிறத்தில் வேண்டுமா’ என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. பெரும்பாலான பெற்றோர் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அதற்கு முன் நான்கு விஷயங்கள் தெளிவாக வேண்டும். இந்தப் பல் இன்னும் எத்தனை ஆண்டு வாயில் இருக்க வேண்டும்? உள்ளே நரம்பு எந்த நிலையில் இருக்கிறது? பல்லின் சுவர்களில் எத்தனை மிச்சம்? குழந்தை எவ்வளவு நேரம் வாயைத் திறந்து ஒத்துழைக்கும்? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், எந்தப் பொருள் என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும். இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் வாதாடப் போக வேண்டாம். சரியான கேள்விகளோடு போனால் போதும்.

முதல் படி: ஆண்டுகளைக் கணக்கிடுங்கள்

பால் பற்கள் மொத்தம் 20. அவை எல்லாம் ஒரே காலத்தில் விழுவதில்லை. முன்பற்கள் 6 முதல் 8 வயதுக்குள் விழுந்துவிடும். கடைவாய்ப்பற்களின் கதை வேறு. முதல் பால் கடைவாய்ப்பல் ஏறக்குறைய 9 முதல் 11 வயது வரையிலும், இரண்டாவது 10 முதல் 12 வயது வரையிலும் இருக்க வேண்டியவை. 4 வயதுக் குழந்தைக்கு இரண்டாவது கடைவாய்ப்பல்லில் சொத்தை என்றால், அந்தப் பல் இன்னும் 6 முதல் 8 ஆண்டு மென்று உழைக்க வேண்டும். ‘விழப்போகிற பல்’ என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

மெல்லுவது மட்டும் அதன் வேலை இல்லை. 6 வயது வாக்கில், இரண்டாவது பால் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது சரியான இடத்தில் நிற்பதற்கு முன்னால் இருக்கும் பால் பல்தான் அணை. பால் பல்லை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் நிரந்தரப் பல் முன்னோக்கி நகர்ந்து, பிறகு வர வேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பிடுங்க நேர்ந்தால் பெரும்பாலும் இடம் காக்கும் கம்பி ஒன்றைப் பொருத்தச் சொல்கிறார்கள்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. 7 வயதுக் குழந்தையின் முன்பல் ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருந்தால் அதற்குப் பெரிய வேலை எதுவும் தேவையில்லை. வலியும் சீழும் இல்லாதவரை விட்டுவிடலாம். பல் விழ இன்னும் ஓராண்டுக்கும் குறைவு என்றால் எளிமையான பொருள் போதும்.

இரண்டாம் படி: உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பது

பால் பல்லின் எனாமல் மெல்லியது. நிரந்தரப் பல்லினுடையதில் பாதியளவு, சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதற்குள் இருக்கும் நரம்பறையோ பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. மேலே ஒரு சின்னக் கரும்புள்ளி தெரியும்போது உள்ளே நரம்பை எட்டிப்பிடிக்கிற அளவுக்குக் குடைந்திருப்பது இதனால்தான். வலி வந்த பிறகுதான் சொத்தை ஆழமானது என்று எண்ண வேண்டாம். ஆழமான பிறகும் வாய்திறந்து சொல்லாத குழந்தைகள் நிறைய.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அடையாளங்கள் உண்டு. குளிர்ச்சியோ இனிப்போ பட்டதும் கூச்சம் வந்து உடனே அடங்கிவிட்டால் நரம்பு இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கலாம். காரணமே இல்லாமல் வலிப்பது, இரவில் குழந்தை அழுதுகொண்டு எழுவது, வலி நெடுநேரம் நீடிப்பது ஆகியவை நரம்பு மீளாத நிலைக்குப் போய்விட்டதைக் காட்டுகின்றன. ஈறில் சின்னக் கொப்புளம் தோன்றி உடைந்து மறுபடி வருவதும், விழும் வயது வராமலே பல் ஆடுவதும், பல் சாம்பல் நிறமாவதும் உள்ளே தொற்று இருப்பதற்கான அறிகுறிகள். கொப்புளம் உடைந்ததும் வலி குறைந்துவிடும். அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணை நோக்கி வீக்கம் பரவினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, அவசரப் பிரிவுக்கு. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து ஆறப்போடுவது தீர்வாகாது. தொற்றின் ஊற்று பல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு இடையில் உருவாகும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. பால் பற்களில் பெரிய சேதம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே மருத்துவர் எக்ஸ்ரே கேட்டால் தயங்க வேண்டாம். எக்ஸ்ரே எடுக்காமலேயே ஆழமான கடைவாய்ப்பல் சொத்தைக்கு என்ன செய்யலாம் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், ‘நரம்பு வரை போயிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்கலாம்.

மூன்றாம் படி: மிச்சமிருக்கும் சுவர்கள்

கடைவாய்ப்பல்லை மேலிருந்து பார்த்தால் மெல்லும் பரப்பு ஒன்று, அதைச் சுற்றி நான்கு பக்கச் சுவர்கள். சொத்தை மெல்லும் பரப்பின் நடுவில் மட்டும் இருந்து நான்கு சுவர்களும் உறுதியாக நின்றால் அடைப்பதற்கு வழி இருக்கிறது. பக்கத்துப் பல்லைத் தொடும் சுவர் இடிந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. பால் கடைவாய்ப்பல் குட்டையானது, கழுத்தில் குறுகலானது. பக்கத்துப் பல்லோடு அகலமாக ஒட்டி நிற்பது. இடிந்த சுவருக்குப் பதிலாக ஒரு பொருளை நிறுத்தினால் அதைப் பிடித்துக்கொள்ள அங்கே போதிய பல் இருக்காது. சில மாதங்களில் உடைகிறது, அல்லது விளிம்பில் மறுபடி சொத்தை பிடிக்கிறது. முதல் பால் கடைவாய்ப்பல்லில் இது இன்னும் மோசம். இரண்டு பக்கச் சுவர்களும் போய்விட்டிருந்தால் அடைப்பதைப் பற்றிப் பேசுவதே வீண், கேப்தான்.

நான்காம் படி: ஈரமும் பொறுமையும்

பல் மருத்துவத்தில் பொருள்கள் தோற்பதற்கு எச்சில் ஒரு பெரிய காரணம். ஒட்டும் தன்மையுள்ள ரெசின் (பிளாஸ்டிக் போல இறுகும் பிசின்) பொருள்களுக்குப் பல் காய்ந்திருக்க வேண்டும். ரப்பர் விரிப்பு ஒன்றைப் பல்லைச் சுற்றி மாட்டி எச்சிலைத் தடுப்பது நல்ல முறை. 3 வயதுக் குழந்தை அதற்கு ஒப்புக்கொள்வது வேறு கதை. துப்ப வேண்டும் என்கிறது, நாக்கை நீட்டுகிறது, திடீரென்று வாயை மூடுகிறது. இப்படிப்பட்ட குழந்தையின் வாயில் மிகச் சிறந்த வெள்ளைப் பொருளை வைத்தாலும் அது நெடுநாள் தாங்காது. ஈரத்தைச் சகித்துக்கொள்ளும் பொருளோ, ஈரம் பொருட்டாகாத கேப்போ அங்கே மேல். பொருளைத் தேர்வு செய்வதில் பல்லுக்கு இருக்கும் பங்கு குழந்தைக்கும் இருக்கிறது என்பதைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

உங்கள் குழந்தையைப் பற்றி மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ‘என் பிள்ளை ரொம்பச் சமத்து’ என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் போராட்டம் நடந்தால் நஷ்டம் பல்லுக்குத்தான்.

நரம்பு எட்டிவிட்டால்: உள்ளே வைக்கும் மருந்துகள்

வெளியே எதைப் போடுவது என்பதற்கு முன், ஆழமான சொத்தைகளில் உள்ளே ஒரு வேலை இருக்கும். நரம்பின் மேல்பகுதி மட்டும் பாதிக்கப்பட்டு வேர்ப்பகுதி நல்ல நிலையில் இருந்தால், மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வெட்டிய இடத்தில் மருந்து வைக்கிறார்கள். வெட்டிய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் ரத்தம் நின்றுவிட வேண்டும். நிற்காமல் கசிந்தால் வேர் நரம்பும் கெட்டிருக்கிறது என்று பொருள். அந்த முடிவு நாற்காலியில் இருக்கும்போதே எடுக்கப்படுவது; ஆகவே முன்பு சொன்ன திட்டம் பாதியில் மாறினால் மருத்துவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

வைக்கும் மருந்துகளில் பழையது ஃபார்மோகிரெசால். அதில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வகைப்படுத்தியது. பல்லில் பயன்படும் அளவு மிகச் சொற்பம் என்றாலும் அதைவிட நல்ல மாற்று வந்துவிட்டது. 1993ல் அறிமுகமான எம்டிஏ, அதற்குப் பின் வந்த பயோடென்டின் இரண்டும் கால்சியம் சிலிகேட் வகைச் சிமெண்டுகள். இவை நரம்பைப் பொசுக்குவதில்லை, உயிரோடு மூடிவைக்கின்றன. எம்டிஏ இறுக மணிக்கணக்கில் ஆகும், பல்லைச் சாம்பல் நிறமாக்கவும் கூடும். பயோடென்டின் ஏறக்குறைய 12 நிமிடத்தில் இறுகுகிறது. எந்த மருந்து வைக்கப்போகிறீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

நரம்பு முழுவதும் செத்துவிட்டால் வேர் வரை சுத்தம் செய்து நிரப்ப வேண்டும். பெரியவர்களுக்கு வேரில் நிரப்பும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சாவை இங்கே பயன்படுத்துவதில்லை. பால் பல்லின் வேர் தானாகக் கரைந்துதான் புதுப் பல்லுக்கு வழிவிடுகிறது. உள்ளே வைத்ததும் அதோடு கரைய வேண்டும். அதனால் ஜிங்க் ஆக்சைடு யூஜினால், அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் கலந்த பசை வைக்கிறார்கள். நரம்புச் சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல்லுக்கு மேலே சும்மா அடைத்து அனுப்பினால் போதாது. பல் ஏற்கெனவே வெறுங்கூடாகியிருக்கும். மேலே கேப் வந்தால்தான் உள்ளே செய்த வேலை நிலைக்கும்.

எஃகு கேப்: அழகில்லாத வெற்றியாளன்

மோசமாகச் சிதைந்த பால் கடைவாய்ப்பல்லுக்கு எது சிறந்தது என்று ஒரே சொல்லில் கேட்டால், எஃகு என்பேன். 1950ல் ஹம்ஃப்ரி என்பவர் குழந்தைப் பல் மருத்துவத்தில் இதைப் பரவலாக்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளைப் பொருள்கள் வந்தும் கடைவாய்ப்பல்லில் இதன் இடத்தை எதுவும் முழுமையாகப் பிடிக்கவில்லை. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் ஆயத்தமாகச் செய்யப்பட்டு, ஒவ்வொரு வகைப் பல்லுக்கும் பல அளவுகளில் வருகிறது. மருத்துவர் பொருந்தும் அளவைப் பார்த்து, விளிம்பைக் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்து, சிமெண்ட் வைத்து அழுத்தி உட்கார வைக்கிறார். ஒரே வருகையில் முடிந்துவிடும்; அச்செடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வேலை இல்லை.

இது ஏன் ஜெயிக்கிறது என்பதற்குக் காரணம் எளிது. அடைப்பு, மிச்சமிருக்கும் பல்லை நம்பி நிற்கிறது. கேப் பல்லை முழுவதும் போர்த்திவிடுகிறது. சுவர் உடைவதற்கோ, இன்னொரு பக்கத்தில் புதிய சொத்தை பிடிப்பதற்கோ இடமே கிடைப்பதில்லை. அதிக சொத்தை உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கடைசி நன்மை பெரிய விஷயம். விழும் காலம் வந்ததும் கேப்போடு சேர்ந்தே பல் விழும். தனியாகக் கழற்ற வேண்டியதில்லை.

வழக்கமான முறையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சொத்தையை எடுத்து, பல்லைச் சுற்றிலும் மேலும் கொஞ்சம் இழைத்து, கேப் போடுவார்கள். வேறொரு முறையும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பல் மருத்துவராக இருந்த நோர்னா ஹால் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஊசியும் போடாமல், இழைக்கவும் செய்யாமல், சொத்தையைக்கூட எடுக்காமல், அப்படியே சிமெண்ட் நிரப்பிய கேப்பைப் பல்லின் மேல் அழுத்தி மாட்டிவந்தார். சொத்தையை உள்ளேயே விட்டு மூடுவதா என்று கேட்டவர்கள் ஏராளம். கிருமிகளுக்கு வெளியிலிருந்து சர்க்கரை போய்ச் சேராமல் அடைத்துவிட்டால் அவற்றால் சொத்தையை முன்னேற்ற முடியவில்லை என்பதுதான் விடை.

ஸ்காட்லாந்திலேயே 132 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பல்லில் ஹால் முறை, இன்னொரு பல்லில் வழக்கமான அடைப்பு. 2011ல் வெளியான ஐந்தாண்டு முடிவில், வலி, சீழ் போன்ற பெரிய தோல்விகள் வழக்கமான அடைப்புகளில் 16.5 சதவீதம், ஹால் கேப்களில் 3 சதவீதம். அடைப்பு கழன்றது, மறுபடி சொத்தை பிடித்தது போன்ற சிறிய தோல்விகளில் வித்தியாசம் இன்னும் பெரிது: 42 சதவீதத்துக்கு எதிராக 5 சதவீதம்.

ஆனால் எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. நரம்பு கெட்டதற்கான வலியோ சீழோ இருக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் நரம்புக்கும் இடையே நல்ல டென்டின் (எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் உள்பகுதி) படலம் தெளிவாகத் தெரிய வேண்டும். பற்கள் நெருக்கமாக இருந்தால் சில நாள் முன்பே இடையில் சின்ன ரப்பர் வளையங்களை வைத்து இடம் உண்டாக்குவார்கள். மாட்டிய பிறகு பல் உயர்ந்திருப்பதால் மற்ற பற்கள் ஒன்றோடொன்று முட்டாது. பெற்றோர் பதறுவது இங்கேதான். சில வாரங்களில் கடி தானாகச் சமப்பட்டுவிடும்.

நிறம்தான் இதன் ஒரே பெரிய குறை. கடைவாய்ப்பல் என்பதால் சிரிக்கும்போது அதிகம் தெரியாது என்றாலும், கீழ்ப்பல் வாய் திறக்கும்போது மின்னும். குழந்தைகள் இதைப் பெற்றோர் அளவுக்குப் பொருட்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். ‘வீரப்பல்’ என்று பெயர் வைத்துக் காட்டிக்கொண்டு திரியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எஃகில் நிக்கல் கலந்திருக்கிறது. குழந்தைக்கு நிக்கல் ஒவ்வாமை இருப்பது தெரிந்தால், உதாரணமாக மலிவான காதணி பட்டுத் தோல் புண்ணானால், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிர்கோனியா கேப்

வெள்ளையாகவே வேண்டும் என்பவர்களுக்கு, பீங்கான் வகையைச் சேர்ந்த சிர்கோனியாவில் செய்த இந்தக் கேப். பல்லின் நிறத்தில், பளபளப்பாக, மிகக் கடினமாக இருக்கும். அதன் கடினமே அதன் சிக்கலும். எஃகை வளைத்துப் பொருத்தலாம், சிர்கோனியா வளையாது. பல்லை அதற்கேற்ப அதிகமாக இழைத்து, அழுத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்படி செய்ய வேண்டும். ஒட்டும் நேரத்தில் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால் பிடிமானம் கெடும். நேரமும் கூடுதலாகும், விலையும் எஃகைவிடக் கூடுதல்தான். ஹால் முறையில் போட முடியாது. அமைதியாக உட்காரும் குழந்தைக்கும், மயக்கத்தில் சிகிச்சை பெறும் குழந்தைக்கும் முன்பற்களில் இது அருமையான தேர்வு. கடைவாய்ப்பல்லில் போட்டாலும் தவறில்லை, ஆனால் நிறத்துக்காக நல்ல பல்லையும் சேர்த்து இழைக்கிறோம் என்பது தெரிந்து போடுங்கள்.

எஃகு கேப்பின் முகப்பில் வெள்ளைப் பூச்சு ஒட்டியதும் உண்டு. பூச்சு பெயர்ந்து விழுந்தால் கீழே எஃகு தெரியும்.

அடைக்கும் பொருள்கள்

கிளாஸ் அயோனமர் சிமெண்டை வில்சன், கென்ட் இருவரும் உருவாக்கி 1972ல் வெளியிட்டார்கள். கண்ணாடித் தூளும் அமிலத் திரவமும் கலந்தது. பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டும், ஃப்ளோரைடைக் கசியவிடும், கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். இயந்திரம் இல்லாமல் கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டிவிட்டு இதை வைத்து அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் தொடங்கி உலகெங்கும் பரவியது. 2021ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. பலவீனம் ஒன்றுதான்: உடையும், தேயும். ஒரே பரப்பில் இருக்கும் சொத்தைக்கு நன்றாக நிற்கும். பக்கச் சுவர் இடிந்த பல்லில் நெடுங்காலத்துக்கு இதை நம்ப வேண்டாம். ரெசின் கலந்த வகை இன்னும் கொஞ்சம் வலுவானது. பயந்து நடுங்கும் குழந்தையின் பெரிய ஓட்டைகளைத் தற்காலிகமாக மூடி, வலியை நிறுத்தி, குழந்தை பழகிய பிறகு பெரிய வேலையைச் செய்வதற்கு இதைவிட நல்ல துணை இல்லை.

காம்போசிட் என்பது விளக்கொளியில் இறுகும் வெள்ளை ரெசின். அழகானது, உறுதியானது, ஆனால் பல் முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டுமே. அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் வைத்து ஒளி காட்டுவார்கள். சிதைந்த முன்பற்களுக்கு, பல் வடிவிலான ஒளிபுகும் உறைக்குள் இதை நிரப்பிப் பல்லின் மேல் மாட்டி, இறுகியதும் உறையை உரித்துவிடும் முறை இருக்கிறது. முடிவு பார்க்க மிக இயல்பாக இருக்கும். ஆனால் எனாமல் நல்ல அளவு மிச்சம் இருக்க வேண்டும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் இறுக மோதும் கடியாக இருந்தால் உடையும். காம்போமர் என்பது இதற்கும் கிளாஸ் அயோனமருக்கும் இடைப்பட்டது. வண்ண வண்ணமாகவும் வருகிறது.

பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பை இப்போது குழந்தைகளுக்குத் தேட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலை முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொன்னது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையிலும் 2022ல் பால் பற்களுக்கு அதைத் தவிர்க்கும் திருத்தம் ஏற்கப்பட்டது.

சொத்தையை நிறுத்தும் மருந்து

சில்வர் டையமின் ஃப்ளோரைடு அடைக்கும் பொருள் இல்லை. ஓட்டை அப்படியே இருக்கும். சொத்தை முன்னேறுவது நிற்கும். வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃப்ளோரைடு பல்லைக் கெட்டிப்படுத்துகிறது. ஜப்பானில் அரை நூற்றாண்டாகப் பயன்பாட்டில் இருக்கிறது. வழக்கமாகப் பயன்படுவது 38 சதவீதக் கரைசல். பல்லைத் துடைத்துக் காயவைத்து, நுண்ணிய பிரஷ்ஷால் ஒரு நிமிடம் போலத் தடவுவார்கள். ஊசி இல்லை, இயந்திரச் சத்தம் இல்லை. ஆண்டுக்கு இரு முறை தடவினால் ஒரே முறை தடவுவதைவிடப் பலன் அதிகம்.

விலையாகக் கொடுப்பது நிறம். சொத்தையுள்ள இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும், அது போகாது. நல்ல எனாமலில் கறை பிடிக்காது. தோலில் பட்டால் ஓரிரு வாரத்தில் மறையும். துணியில் பட்டால் துணி போனதுதான். வெள்ளி ஒவ்வாமை இருந்தாலோ, ஈறில் புண் இருந்தாலோ தடவக் கூடாது. நரம்பு கெட்டுச் சீழ் கட்டிய பல்லுக்கு இதனால் பயன் இல்லை. 2 வயதுக் குழந்தைக்குப் பல பற்களில் சொத்தை இருந்து, மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்வதைத் தள்ளிப்போட விரும்பினால் இது விலைமதிப்பற்ற அவகாசம் தரும். முன்பல் கறுத்துப்போகும் என்று முன்பே சொல்லி உங்கள் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்; வாங்காமல் தடவினால் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பல் எப்போது விழும், நரம்பு எந்த நிலை, எத்தனை சுவர் போயிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு, ‘நீங்கள் சொல்லும் பொருள் அத்தனை ஆண்டு நிற்குமா? நிற்காவிட்டால் அடுத்து என்ன செய்வோம்?’ என்று கேளுங்கள். மலிவான அடைப்பு மூன்று முறை கழன்றால் செலவும் கூடுகிறது, குழந்தையின் பயமும் கூடுகிறது. கடைவாய்ப்பல்லுக்கு ஹால் முறை பொருந்துமா என்றும் தனியாகக் கேட்கலாம். எல்லா மருத்துவர்களும் அதைத் தாமாக முன்வைப்பதில்லை.

சிகிச்சை நாளும் அதற்குப் பிறகும்

‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லி அழைத்துப்போகாதீர்கள். அந்தச் சொல்லிலேயே ‘வலி’ குழந்தையின் காதில் விழுந்துவிடுகிறது. பல்லை எண்ணப்போகிறார்கள், சுத்தம் செய்து தொப்பி போடப்போகிறார்கள் என்பது போதும். ஊசி போட்டிருந்தால் மரத்துப்போன உதட்டையும் கன்னத்தையும் குழந்தை கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை மெல்லும் உணவு வேண்டாம்.

கேப் போட்ட பிறகு ஈறு ஓரிரு நாள் சிவந்து வலிக்கலாம். பிரஷ் படாமல் விட்டால்தான் அது நீடிக்கும்; விளிம்பை மெதுவாகத் தேயுங்கள். ஒட்டும் மிட்டாய்கள் கேப்பைக் கழற்றுவதில் வல்லவை. ஃப்ளோரைடு பற்பசை 3 வயதுக்குள் அரிசிமணி அளவு, அதற்குமேல் 6 வயது வரை பட்டாணி அளவு. பிரஷ்ஷை நீங்களே பிடியுங்கள். 7, 8 வயது வரை குழந்தையின் கை அதற்குப் போதாது. இரவில் பால் புட்டியோடு தூங்கும் பழக்கம் தொடர்ந்தால், எந்தப் பொருளைப் போட்டாலும் பக்கத்துப் பல் அடுத்துக் காத்திருக்கிறது. இனிப்பின் அளவைவிட, ஒரு நாளில் எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்பதைக் குறையுங்கள்.

6 மாதத்துக்கு ஒரு முறையாவது காட்டுங்கள். அதிக சொத்தை இருந்த குழந்தைக்கு 3 மாதம். நரம்புச் சிகிச்சை செய்த பல்லுக்கு இடையிடையே எக்ஸ்ரே வேண்டும், ஏனெனில் வலி இல்லாமலே உள்ளே தொற்று வளரக்கூடும்.

கேப் கழன்று வந்துவிட்டால் தூக்கி எறியாமல் கழுவி எடுத்துக்கொண்டு ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள். வீட்டிலேயே பசை வைத்து மாட்ட முயல வேண்டாம். குழந்தை அதை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மலத்தோடு வெளியேறிவிடும். இருந்தாலும் மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள். விழுங்கிய பின் இருமலோ, மூச்சிரைப்போ, விசில் போன்ற மூச்சொலியோ இருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். அப்போது பல் மருத்துவரைத் தேடாமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.